‘அக்கியானம்’ என்ற பழைய முத்திரை: இன்றைய பேகன் சமயங்களும் அவற்றைச் சுற்றியுள்ள தவறான எண்ணங்களும்

1713-இல் தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்ததும், அங்கிருந்த மிஷன் அச்சடித்த முதல் சிறுநூல்களில் ஒன்றின் பெயர் ‘அக்கியானம்’. அஞ்ஞானம் என்பதன் வழக்கு வடிவம் அது. எழுதியவர் ஜெர்மானியப் பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்க். உங்கள் சாமிகளும் படையலும் அறியாமை, அவற்றை விட்டு வெளியே வாருங்கள் என்று தமிழர்களுக்குச் சொல்ல எழுதிய நூல். இதே பொருளைத் தன் ஊர்க்காரர்களுக்கு ஜெர்மன் மொழியில் எழுதும்போது அவர் ‘ஹைடன்டூம்’ என்றார். ஆங்கிலத்தில் ‘ஹீதன்’, ‘பேகன்’ என்கிறார்களே, அதே பொருள்தான்.

அதே சீகன்பால்க், அதே 1713-இல், இன்னொரு வேலையும் செய்தார். மாரியம்மன், ஐயனார், பிடாரி என்று தென்னிந்தியத் தெய்வங்களை ஒவ்வொன்றாக விசாரித்து, தமிழர்கள் எழுதித் தந்த பதில்களையும் சேர்த்து, பெரிய நூலாகத் தொகுத்து ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலே நகரத்திலிருந்த மேலிடம் அதை அச்சிட மறுத்துவிட்டது. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர்கள் வாதம். 1867-இல்தான் அந்த நூல் சென்னையில் அச்சேறியது. பெயர் சூட்டுவதற்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை ஒரே மனிதரின் இரண்டு நூல்கள் காட்டுகின்றன.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று லண்டனிலோ ரெய்க்யாவிக்கிலோ ஒருவர் “நான் பேகன்” என்று சொன்னால், நம்மில் பலருக்குச் சட்டென்று தோன்றுவது சாத்தான் வழிபாடு, பில்லி சூனியம், நள்ளிரவு பலி. கொஞ்சம் அன்போடு பார்ப்பவர்களுக்குத் தோன்றுவது, “அட, அவங்களும் நம்ம மாதிரிதான்.” இரண்டுமே அவசரத்தில் வந்த முடிவுகள். ஒருகாலத்தில் நம் மேலேயே குத்தப்பட்ட முத்திரை இது. அதனால் நாமாவது கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

‘பகானுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு முதல் பொருள் நாட்டுப்புறத்தான். படையில் சேராத சாதாரணக் குடிமகன் என்றும் பொருள் உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் கிறிஸ்தவம் வலுத்தபோது, பழைய தெய்வங்களை விடாதவர்களை இந்தச் சொல்லால் குறிக்க ஆரம்பித்தார்கள். ‘பட்டிக்காட்டான்’ என்ற இளக்காரமா, ‘கிறிஸ்துவின் படையில் சேராதவன்’ என்ற பொருளா என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்படியானாலும், அது வெளியிலிருந்து ஒட்டிய சீட்டு. ஏதென்ஸ்காரர் அத்தீனாவுக்குப் படைத்தார், டேனிஷ்காரர் தோரை வேண்டினார். தாங்கள் இருவரும் ‘பேகன் மதம்’ என்ற ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்று அவர்கள் யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சீட்டை 20-ஆம் நூற்றாண்டில் சிலர் தாங்களாகவே எடுத்துப் பெயராகப் போட்டுக்கொண்டார்கள். எனவே இன்றைய ‘பேகன்’ ஒரு தனி மதத்தின் பெயர் அல்ல, பல சமயங்களுக்கான பொதுப்பெயர். இங்கிலாந்தில் பிறந்த விக்கா அவற்றில் ஒன்று. பழங்காலக் கெல்டியப் பூசாரிகளின் பெயரைக் கொண்ட ட்ரூயிட் மரபு இன்னொன்று. பழைய வடஐரோப்பியத் தெய்வங்களை வணங்கும் ஆசாத்ரூ, லிதுவேனியாவின் ரோமுவா, கிரேக்கத்தில் ஒலிம்பஸ் தெய்வங்களை வணங்குபவர்கள், ரஷ்யா, உக்ரைன் பக்கத்து ஸ்லாவியக் குழுக்கள் என்று பட்டியல் நீளும். பல தெய்வங்கள் அல்லது ஆணும் பெண்ணுமாக இறைமை, இயற்கையே புனிதம், பருவங்களை ஒட்டிய சடங்குகள் ஆகியவை பெரும்பாலும் பொது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே வேதநூல் கிடையாது, ஒரே தலைமைக் குருவும் கிடையாது. மதம் மாற்ற யாரும் வீடு வீடாகப் போவதில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்றும், இன்னும் சுமார் 13,000 பேர் விக்கா என்றும் பதிவு செய்தார்கள்.

இதில் விக்காவின் கதையை விரிவாகச் சொல்கிறேன். தவறான எண்ணங்களில் பாதி அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. அப்புறம், அதைத் தொடங்கியவர் நம் மலையகம் வழியாக வந்த ஆள்.

ஜெரால்ட் கார்ட்னர் 1884-இல் லிவர்பூலுக்கு அருகே வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே கடுமையான ஆஸ்துமா. குளிர் ஆகாது என்று வளர்ப்புத்தாதி அவரை வெயில் நாடுகளுக்கு அழைத்துப்போவார். அந்தத் தாதி இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள, 1900-இல் பதினாறு வயது கார்ட்னரும் கூடவே இலங்கைக்கு வந்து தோட்ட வேலை பழகினார். தமிழ்த் தொழிலாளர்கள் கொழுந்து பறித்த தோட்டங்கள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். பிறகு போர்னியோ, பிறகு மலாயாவில் ரப்பர், அதன்பின் ஜொகூரில் சுங்க அதிகாரி வேலை. மலாய்க் குத்துவாளான கிரிஸ் மேல் அவருக்குத் தீராத ஈடுபாடு. அதைப் பற்றி 1936-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியபோது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார்.

இங்கிலாந்தின் தெற்கே நியூ ஃபாரஸ்ட் காட்டுப்பகுதியில், பழங்காலத்திலிருந்தே ரகசியமாகத் தொடரும் ‘விட்ச்’ குழு ஒன்று தன்னை 1939-இல் சேர்த்துக்கொண்டது என்பது கார்ட்னர் சொன்ன கதை. அப்படிச் சேர்ந்திருந்தாலும் அதை அவர் வெளியே சொல்ல முடியாது. 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அந்தச் சட்டம் யாரையும் தூக்கில் போடுவதற்கானது அல்ல. மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லி ஏமாற்றுவதுதான் அதில் குற்றம். அதன்படி 1944-இல்கூட ஹெலன் டங்கன் என்ற ஆவியுலக ஊடகர் சிறைக்குப் போனார். 1951-இல் சட்டம் நீக்கப்பட்டது. 1954-இல் கார்ட்னர் தன் சமயத்தை அறிமுகப்படுத்தும் புத்தகத்தை வெளியிட்டார். நவீன பேகன் வரலாற்றில் திருப்புமுனை என்றால் இந்த இரண்டு தேதிகள்தான்.

ஆனால் விக்காவுக்கு நல்ல மொழியைக் கொடுத்தவர் டோரீன் வேலியன்டே என்ற பெண். 1953-இல் சேர்ந்தவர். கார்ட்னர் தந்த சடங்கு ஏட்டைப் படித்ததும், இதில் பல வரிகள் அலிஸ்டர் க்ரௌலியின் எழுத்து என்று கண்டுபிடித்துவிட்டார். க்ரௌலி அக்காலத்தில் கெட்ட பெயர் வாங்கிய மாந்திரிகர். அந்தப் பகுதிகளையெல்லாம் களைந்து வேலியன்டே புதிதாக எழுதினார். தேவி தன் அடியாரிடம் நேரடியாகப் பேசுவதாக அமைந்த உரைநடையை இன்றும் உலகெங்கும் விக்காக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அது பெருமளவு அவர் கைவண்ணம். 1957-இல் கார்ட்னர் திடீரென்று ‘பழைய சட்டங்கள்’ என்று ஒரு தாளை நீட்டினார். தலைமைப் பூசாரிணிக்கு வயதாகிவிட்டால் இளையவளுக்கு இடம்விட்டு ஒதுங்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பழையவை என்றால் இதுவரை ஏன் காட்டவில்லை என்று கேட்டுவிட்டு வேலியன்டே விலகிப்போனார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த ஆள் அவர்தான். நம்பிக்கையை விடவும் இல்லை, கேள்வி கேட்பதை விடவும் இல்லை.

சரி, ஒரு விக்கா சடங்கில் என்னதான் நடக்கிறது? பௌர்ணமி இரவு, யாரோ ஒருவரின் வீட்டுக்கூடம். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளியாயிற்று. நான்கு திசைக்கு நான்கு மெழுகுவர்த்தி. நடுவில் சின்ன மேசை. அதன்மேல் தண்ணீர்க் கிண்ணம், உப்பு, சாம்பிராணி, ஒரு கோப்பை, கறுப்புக் கைப்பிடி போட்ட கத்தி. ‘அதமே’ என்று அழைக்கப்படும் இந்தக் கத்தியைப் பார்த்துத்தான் வெளியாட்கள் பயப்படுவது. அதைக்கொண்டு எதையும் வெட்டக்கூடாது என்பதே வழக்கம். பூசாரிணி அந்தக் கத்திமுனையைத் தரைநோக்கிப் பிடித்தபடி கூடத்தை வலமாகச் சுற்றிவந்து வட்டம் போடுகிறார். உப்பைத் தண்ணீரில் கலந்து தெளிக்கிறார். சாம்பிராணிப் புகை காட்டுகிறார். கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர், வடக்கே நிலம் என்று திசைக்கு ஒரு பூதத்தை அழைக்கிறார்கள்.

பிறகு ‘நிலவை இறக்குதல்’. பூசாரிணி கண்மூடி நிற்க, தேவி அவர்மேல் இறங்கவேண்டும் என்று வேண்டுகிறார்கள். இறங்கியதும் அவர் பேசுவது தேவியின் வாக்கு. சாமியாடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை, உடுக்கைச் சத்தமும் வேப்பிலையும் இல்லையே என்று வேண்டுமானால் தோன்றும். கடைசியில் ஒரு கோப்பை மதுவும் சின்ன ரொட்டியும் கைமாறுகின்றன. அழைத்த திசைகளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, வட்டத்தைக் கலைக்கிறார்கள். அப்புறம் ஆளுக்கொரு பாத்திரத்தில் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறந்து அரட்டை. நோய் தீர, வேலை கிடைக்க என்று மந்திரம் செய்வதும் உண்டு, பெரும்பாலும் மெழுகுவர்த்தி, மூலிகை, மனக்குவிப்பு ஆகியவற்றைக் கொண்டு. ‘யாருக்கும் கேடில்லாமல் எதையும் செய்’ என்பதுதான் அவர்களின் அடிப்படை நெறி. ஏவி விட்டால் மும்மடங்காகத் தனக்கே திரும்பும் என்று பலர் நம்புகிறார்கள். எனவே ‘விட்ச்’ என்பதைத் தமிழில் ‘சூனியக்காரி’ என்று மொழிபெயர்க்கும்போதே நாம் பாதி தீர்ப்பை எழுதிவிடுகிறோம்.

நிர்வாணமாகச் சடங்கு செய்வார்களாமே என்று கேட்பவர்கள் உண்டு. கார்ட்னர் வழிக் குழுக்களில் சிலர் இன்றும் செய்கிறார்கள், பலர் அங்கி அணிகிறார்கள், வேறு பலர் அன்றாட உடையிலேயே வருகிறார்கள். அந்த நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் ‘வானத்தை உடுத்தியவர்’ என்று வரும். நம் திகம்பரர் என்ற சொல்லேதான். கடவுளின் முன் அந்தஸ்து, உடை, ஒளிவுமறைவு எதுவும் வேண்டாம் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். காமக் களியாட்டம் என்ற படம் செய்தித்தாள்கள் வரைந்தது.

சாத்தான் விவகாரத்துக்கு வருவோம். சாத்தான் என்பவன் கிறிஸ்தவ இறையியலுக்குள் இருக்கும் ஒரு பாத்திரம். கடவுளுக்கு எதிரியாக ஒருவன் இருக்கிறான் என்று நம்பினால்தான் அவனை வணங்கவே முடியும். பேகன் சமயங்களில் அப்படியொரு எதிரிக்கு இடமே இல்லை. குழப்பம் கொம்பிலிருந்து வருகிறது. விக்காவின் ஆண் தெய்வத்துக்குக் கொம்பு உண்டு. அதற்கு முன்மாதிரி கிரேக்கர்களின் ஆட்டுக்கால் தெய்வமான பான், பண்டைய பிரான்ஸ் பகுதியில் வணங்கப்பட்ட கெர்னுன்னோஸ் போன்றவர்கள். ஐரோப்பிய ஓவியர்கள் சாத்தானுக்கும் கொம்பும் குளம்பும் வரைந்து வைத்ததால், கொம்பைக் கண்டாலே சாத்தான் என்றாகிவிட்டது. டென்மார்க்கில் 1891-இல் கிடைத்த குண்டெஸ்ட்ரூப் வெள்ளிக் கொப்பரையில், மான்கொம்போடு சம்மணமிட்டு விலங்குகள் சூழ உட்கார்ந்திருக்கும் உருவம் ஒன்று உண்டு. மொகஞ்சதாரோ முத்திரையைப் பார்த்த நமக்கு உடனே ‘பசுபதி’ என்று வாயில் வரும். ஆனால் இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளும் ஒரு கண்டமும் கிடக்கின்றன. ஒற்றுமையை ரசிக்கலாம், உறவு கொண்டாடிவிட முடியாது.

வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரமும் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. நிலம், நீர், நெருப்பு, காற்று, இவற்றோடு ஆன்மா என்று விக்காக்காரர்கள் அதன் ஐந்து முனைகளுக்குப் பொருள் சொல்கிறார்கள். 2005-இல் ஆப்கானிஸ்தானில் ஒரு விக்கா சமயத்து அமெரிக்க ராணுவ வீரர் இறந்தார். அரசு தரும் நினைவுக்கல்லில் அந்த நட்சத்திரத்தைப் பொறிக்கவேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். சிலுவை, தாவீதின் நட்சத்திரம், பிறை, தர்மச்சக்கரம், நாத்திகர்களுக்கான சின்னம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட சின்னங்களுக்கு அனுமதி இருந்தது, இதற்கு மட்டும் இல்லை. வழக்குப் போட்ட பிறகு, 2007 ஏப்ரலில்தான் அரசு இறங்கிவந்தது. நாட்டுக்காக உயிரைக் கொடுத்த மனிதனின் கல்லில் அவன் சமயக் குறியைச் செதுக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் போராட்டம்.

இந்தத் தவறான எண்ணங்கள் வெறும் அறியாமையாக நின்றுவிட்டால் பரவாயில்லை. 1980-களில் அமெரிக்காவில் சாத்தான் பீதி ஒரு கொள்ளைநோய் மாதிரிப் பரவியது. கலிஃபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளியில் குழந்தைகளைச் சாத்தானியச் சடங்குகளில் வதைத்தார்கள் என்று 1983-இல் எழுந்த குற்றச்சாட்டு, 1990 வரை வழக்காக இழுத்து, ஒருவர்கூடக் குற்றவாளி என்று தீர்ப்பாகாமல் முடிந்தது. அதற்கும் பிறகு 1993-இல் ஆர்கன்ஸா மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸ் நகரில் மூன்று எட்டு வயதுச் சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் டேமியன் எக்கல்ஸ் என்ற 18 வயது இளைஞன் மேல் விழுந்தது. கறுப்பு உடை, உரத்த ராக் இசை, விக்கா புத்தகங்கள் என்று அந்தச் சின்ன ஊரில் தனித்துத் தெரிந்த ஏழைப் பையன். அவனைக் கொலையோடு உறுதியாக இணைக்கும் தடயம் எதுவும் உடலில், உடையில் கிடைக்கவில்லை. நீண்ட விசாரணைக்குப் பிறகு இன்னொரு சிறுவனிடம் வாங்கிய, முன்னுக்குப் பின் முரணான ஒரு வாக்குமூலம் இருந்தது. நீதிமன்றத்தில் ‘மாந்திரிக நிபுணர்’ என்று சாட்சி சொன்னவர், வகுப்புக்கே போகாமல் தபால்வழி முனைவர் பட்டம் வாங்கியவர். கறுப்புச் சட்டையும் புத்தகங்களும் சாட்சியங்களாயின. எக்கல்ஸுக்கு மரண தண்டனை, அவனோடு கைதான மற்ற இரு சிறுவர்களுக்கும் ஆயுள். 2011 ஆகஸ்டில் மூவரும் வெளியே வந்தார்கள், அதுவும் ‘நாங்கள் குற்றமற்றவர்கள், ஆனாலும் தண்டனைக்குப் போதிய சாட்சியம் அரசிடம் இருப்பதை ஏற்கிறோம்’ என்ற விசித்திரமான சட்ட ஏற்பாட்டின்கீழ். பதினெட்டு ஆண்டுகள் போயே போய்விட்டன.

இனி மறுபக்கம். பேகன்களைப் பற்றி வெளியாட்கள் மட்டுமா தவறாகச் சொன்னார்கள்? பேகன்களே தங்களைப் பற்றி நெடுங்காலம் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கற்காலத்திலிருந்து அறுபடாமல் வரும் ஆதிமதம் எங்களுடையது, திருச்சபை தொண்ணூறு லட்சம் பெண்களை எரித்தும் எங்களை அழிக்க முடியவில்லை என்பது அந்தக் கதை. 1921-இல் மார்கரெட் மர்ரே என்ற எகிப்தியல் அறிஞர், சூனிய விசாரணைகளில் கொல்லப்பட்டவர்கள் உண்மையிலேயே ஒரு பழைய சமயத்தின் அடியார்கள் என்று எழுதினார். கார்ட்னர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பின்னாளில் வரலாற்றாய்வாளர்கள் விசாரணை ஏடுகளை வரிவரியாகப் படித்தபோது அந்தக் கட்டடம் சரிந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரணக் கிறிஸ்தவர்கள். பக்கத்து வீட்டுச் சண்டை, செத்த மாடு, திரிந்துபோன பால், சித்திரவதையில் பிடுங்கிய வாக்குமூலம். மொத்தக் கொலை சுமார் 40,000 முதல் 60,000 வரை என்பது இன்றைய மதிப்பீடு. நாலில் மூன்று பங்குக்குமேல் பெண்கள். இங்கிலாந்தில் எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். தொண்ணூறு லட்சம் என்ற எண் 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஒருவரின் கணக்கு. ஒரே ஊரின் ஏட்டில் கண்ட சில மரணங்களை ஐரோப்பா முழுமைக்கும் பெருக்கிப் போட்டார். அறுபதாயிரம் உயிர் என்பதே நடுங்கவைக்கும் எண்தான். அதைப் பெருக்கிக் காட்டும்போது, உண்மையில் செத்த பெண்கள் கண்ணிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

இங்கிலாந்தின் பெருங்கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் கதையும் அதே ரகம். ட்ரூயிடுகள் கட்டிய கோயில் என்று பாதி உலகம் நம்புகிறது. அந்தப் பெருங்கற்கள் நட்டு நிற்கத் தொடங்கியது கி.மு. 2500 வாக்கில். ட்ரூயிடுகளைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதியது கி.மு. முதல் நூற்றாண்டில். இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் 17, 18-ஆம் நூற்றாண்டு பழம்பொருள் ஆர்வலர்கள். ஆண்டுக்கு எட்டுத் திருநாள் கொண்ட ‘ஆண்டுச் சக்கரம்’ இருக்கிறதே, அக்டோபர் கடைசியில் முன்னோர்களுக்கான சௌவின், குளிர்காலக் கதிர்த்திருப்பத்தில் யூல், மே தொடக்கத்தில் பெல்டேன் என்று, அதில் பல விழாக்கள் தனித்தனியே பழையவை. எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950-களில். ஆஸ்திரேலியப் பேகன்கள் அந்தச் சக்கரத்தை அப்படியே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அங்கே ஜூன் மாதம்தான் குளிர்காலம், ஆகவே யூல் ஜூனில். நாள்காட்டியை விட மண்ணையும் வெயிலையும் பெரிதாக மதிக்கும் சமயம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஒவ்வோராண்டும் கைபேசியில் சுற்றும் இன்னொரு செய்தி, ஈஸ்டர் என்பது பாபிலோனிய தேவி இஷ்தாரின் பெயர் என்பது. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் அந்தத் திருநாளைப் பாஸ்கா என்பார்கள். ஐரோப்பிய மொழிகளில் பலவற்றிலும் ஏறத்தாழ அதே சொல்தான், யூதர்களின் பஸ்காவிலிருந்து வந்தது. ஈஸ்டர் என்ற பெயர் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் மட்டும் உரிய விஷயம். ஏயோஸ்த்ரே என்ற ஒரு தேவியை 8-ஆம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி ஒரே ஓரிடத்தில் குறிப்பிடுகிறார். அவ்வளவுதான் கையிலிருக்கும் சான்று. இஷ்தாருக்கு அங்கே வேலையே இல்லை.

1999-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன் விக்காவின் தோற்றத்தை முழுமையாக ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்து உலகுக்குத் தந்த முழுமையான மதம் இது ஒன்றுதான், அதுவும் 20-ஆம் நூற்றாண்டில் தந்தது என்பது அதன் சாரம். ரொமான்டிக் கவிஞர்கள், நாட்டார் வழக்காற்றியல், ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கங்களின் சடங்குமுறை, மாந்திரிக ஏடுகள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. கோபப்பட்ட பேகன்கள் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் படித்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள், தங்கள் அறிமுக நூல்களைத் திருத்திக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், பேகன் சமயங்களை மரியாதையோடு பார்க்க இது ஒன்றே போதும். எங்கள் மதம் பத்தாயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்லிக்கொள்ள எவ்வளவோ பேர் துடிக்கும் காலத்தில், எங்களுடையதற்கு எழுபது வயதுதான், பரவாயில்லை, அது எங்களுக்கு வேலை செய்கிறது என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். வயதைக் கூட்டிக்காட்டினால்தான் ஒரு வழிபாட்டுக்கு மதிப்பு என்ற எண்ணமும் தவறான எண்ணங்களில் ஒன்றுதான்.

ஐஸ்லாந்துக்குப் போனால் காட்சி மாறுகிறது. அங்கே பழைய மதம் எப்படி முடிந்தது என்பதற்கே எழுத்துச் சான்று உண்டு. கி.பி. 1000 வாக்கில், கிறிஸ்தவர்களும் பழைய சமயத்தாரும் அடித்துக்கொள்ளும் நிலை வந்தபோது, இரு தரப்பும் சட்டம் ஓதுபவரான தோர்கெயிரிடம் தீர்ப்பை விட்டார்கள். அவரே பழைய சமயத்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தார். எழுந்துவந்து, நாட்டுக்கு ஒரே சட்டம், ஒரே மதம், அது கிறிஸ்தவம் என்றார். வீட்டுக்குள் ரகசியமாகப் பழைய தெய்வங்களுக்குப் படைத்துக்கொள்ளலாம் என்றும் விதிவிலக்கு வைத்தார். அந்த விலக்கும் சில ஆண்டுகளில் நீங்கியது. ஆனால் கதைகளும் பாடல்களும் தோலேடுகளில் தங்கின. 1972-இல், ஆடு வளர்த்துக்கொண்டு பழைய சந்தப்பாட்டுகளைப் பாடிவந்த ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் என்ற விவசாயியும் அவர் நண்பர்களும் ஆசாத்ரூ சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அரசு அங்கீகாரம். நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். எட்டுக்கால் குதிரையில் ஒற்றைக்கண் ஓடின் வானத்தில் ஓடுகிறான் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா என்று கேட்டால், இல்லை, அவை இயற்கையையும் மனித மனத்தையும் பேசும் கவிதைகள் என்பார் அவர்களின் இன்றைய தலைமைப் பூசாரி, இசையமைப்பாளர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன்.

இதே தெய்வங்களை வெள்ளை இனவெறியர்களும் இழுத்துக்கொள்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. நாஜிப் படையின் எஸ்எஸ் சின்னமே பழைய ரூன் எழுத்திலிருந்து எடுத்ததுதான். வடஐரோப்பிய ரத்தம் உள்ளவருக்கு மட்டுமே எங்கள் தெய்வம் என்று சொல்லும் அமைப்புகள் அமெரிக்காவில் உண்டு. அவற்றில் ஒன்றோடு எந்த உறவும் இல்லை என்று 2016-இல் பல நாட்டு ஹீதன் குழுக்கள் சேர்ந்து அறிவித்தன. தீமையைக் கண்டால் வாய்திறந்து சொல், பகைவரோடு சமாதானம் வைக்காதே என்று கூறும் ஹாவமால் என்ற பழம்பாடலின் 127-ஆம் செய்யுளைக்கொண்டு அந்த அறிவிப்புக்குப் பெயர் வைத்தார்கள். தோரின் சுத்தியலைக் கழுத்தில் போட்டவரெல்லாம் இனவெறியர் என்று நினைப்பது தவறு. அந்தப் பிரச்சினையே இல்லை என்பதும் தவறு. சண்டை அவர்கள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக, நமக்கே உரிய தவறான எண்ணம்: “அவங்களும் இந்துக்கள் மாதிரிதானே.” பல தெய்வம், விக்கிரகம், தீ, பருவத் திருவிழா என்று மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் விக்காக்காரரோ ட்ரூயிடோ பெரும்பாலும் வளர்ந்த பிறகு தேடிப்போய்த் தேர்ந்துகொண்டவர். பிறப்பால் வந்தது அல்ல. குலதெய்வம் கிடையாது, பங்காளி வகையறா கிடையாது, சாதி கிடையாது, இன்னாருக்குத்தான் முதல் மரியாதை என்ற தகராறும் கிடையாது. தாத்தா கும்பிட்ட கல்லைப் பேரன் கும்பிடும் தொடர்ச்சி நம்மிடம் சாதாரணம். அது அறுந்துபோன வலிதான் அவர்களைப் புதிதாகக் கட்ட வைத்திருக்கிறது.

இந்த ஒப்பீடு மிகவும் வலுவாக எழும் இடம் லிதுவேனியா. அங்கே நெருப்புக்கு ‘உக்னிஸ்’ என்று பெயர், கடவுளுக்கு ‘தியேவாஸ்’. அக்னி, தேவன் என்று சமஸ்கிருதச் சொற்கள் நினைவுக்கு வருவது நியாயம். அவை ஒரே மொழிக்குடும்பம். தமிழ் அந்தக் குடும்பமே இல்லை. மொழி உறவை மத உறவாக்கிவிட்டால், அந்த மக்களின் சொந்தக் கதை காணாமல் போகும். லிதுவேனியா அதிகாரபூர்வமாகக் கிறிஸ்தவம் ஏற்றது 1387-இல், ஐரோப்பிய நாடுகளில் கடைசியாக. சோவியத் ஆட்சியின்கீழ் 1967-இல், கெர்னவே மலைக்கோட்டை மேடுகளில் கோடைக்கால ராசோஸ் விழாவை இளைஞர்கள் கொண்டாடினார்கள். தீ மூட்டி, பூமாலை கட்டி ஆற்றில் விட்டு, பாட்டிகளிடமிருந்து சேகரித்த ‘தைனா’ என்ற நாட்டுப்பாடல்களை விடியும்வரை பாடினார்கள். அதை முன்னின்று நடத்திய யோனாஸ் ட்ரின்கூனாஸ் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் கண்ணில் பட்டு, பல்கலைக்கழக வேலையை இழந்தார். அந்தப் பாட்டுகளிலிருந்துதான் ரோமுவா வளர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் 5,100-க்கும் மேற்பட்டோர் தங்கள் சமயம் இதுவே என்று எழுதினார்கள்.

அரசு அங்கீகாரம் கேட்டு அவர்கள் விண்ணப்பித்தபோது, கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். 2019-இல் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. ரோமுவா ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஜூனில் அங்கே தீர்ப்பு வந்தது: அரசு நடுநிலை தவறிவிட்டது, பாகுபாடு காட்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் லிதுவேனிய நாடாளுமன்றம் வாக்களித்து அங்கீகாரம் கொடுத்தது. இனி ரோமுவா பூசாரி நடத்தி வைக்கும் திருமணம் சட்டப்படி செல்லும்.